வாக்கை இழந்த மலையகம்

1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். கோப்பியை நோய் அழித்த பின், தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பால் தேயிலையே இலங்கைப் பொருளாதாரத்தின் முதுகெலும்பாயிற்று.

அம்மக்கள் 1947 பொதுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை.

1964 இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; அந்தப் பேச்சில் அம்மக்களுக்கு இடமளிக்கப்படவில்லை. எஞ்சிய நாடற்றோர் பிரசாவுரிமைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வாக்கற்ற மக்களின் பாடசாலையையும் காணியையும் எந்த அரசியல்வாதி நினைப்பார்? மலையகம் பின்தங்கியதன் வேர் 1948 இலேயே உள்ளது. இன்றும் நிற்கும் லயன் அறைகள் அதற்குச் சாட்சி.