அடோபோ

பிலிப்பைன்ஸ் வீடுகளில் பன்றி முதலிய இறைச்சியை வினிகர் எனப்படும் காடி, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை ஆகியவற்றோடு மெல்லிய தீயில் வேகவைத்துச் சுண்டச் செய்யும் உணவு 'அடோபோ' எனப்படும். ஊறவைத்தல் என்னும் பொருளுடைய 'அடோபார்' என்ற ஸ்பானிய வினையிலிருந்து பிறந்த இச்சொல், ஸ்பெயினில் இறைச்சியை ஊறவைக்கும் காரக் கலவையைக் குறிக்கிறது. பிலிப்பைன்ஸின் தகலோக் மொழிக்கு 1613இல் வெளிவந்த அகராதியில் பேத்ரோ தெ சான் புவெனவெந்தூரா என்ற பிரான்சிஸ்கன் துறவி அந்நாட்டு உணவை 'உள்ளூர் மக்களின் அடோபோ' என்று பொருள்படப் பதிவுசெய்தார். ஆகவே கடல் கடந்து வந்தது பெயரேயன்றிச் சமையல் அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தென்னங்கள்ளையும் நிப்பா பனையின் சாற்றையும் புளிக்கவைத்துக் காடியாக்கி, அதில் இறைச்சியை வேகவைத்துக் கெடாமல் காப்பது அத்தீவு மக்களின் சொந்த அறிவாகும்.

தகலோக் மொழியில் பன்றிக்குப் 'பாபோய்' என்று பெயர். 'ங்' என்னும் இணைப்பொலி நடுவில் சேர, பன்றி அடோபோ 'அடோபோங் பாபோய்' ஆகிறது. 'வெள்ளை' எனப் பொருள்படும் 'பூத்தி' சேர்ந்த 'அடோபோங் பூத்தி' சோயா சாறு கலவாத வகை. இன்று பெரும்பாலோர் ஊற்றும் அச்சாற்றின் பெயரான 'தோயோ' சீன வணிகர்களின் ஹொக்கியன் மொழி தந்த கொடை.

காடியை ஊற்றியபின் அது கொதித்துப் பச்சை வாடை அடங்கும்வரை கிளறக்கூடாது என்பது அங்குள்ள அடுக்களை மரபு. பின்னர் நீர் வற்றி, கொழுப்பு பிரிந்து, துண்டுகள் பளபளப்பதே பக்குவம்.