ஜப்பானின் ஆங்கில உரையாடல் பள்ளிகள்: எழுச்சியும் வீழ்ச்சியும்

ஜப்பானில் முறைசார் பள்ளி, கல்லூரிகளுக்கு வெளியே, கட்டணம் பெற்றுக்கொண்டு ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் தனியார் வகுப்புகள் 'எய்காய்வா' எனப்படுகின்றன. ஜப்பானிய மொழியில் இச்சொல்லுக்கு 'ஆங்கில உரையாடல்' என்பது பொருள். 1980கள் முதல் 2007 வரை இத்தொழில் பெரும் வளர்ச்சி கண்டது. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பட்டதாரி இளைஞர்கள் பலருக்கு வெளிநாட்டில் கிடைத்த முதல் வேலை இதுவே. 2007ஆம் ஆண்டில் இத்துறையின் மிகப்பெரிய நிறுவனமான நோவா வீழ்ந்தது. அதன்பின் அத்தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆங்கிலத்தின் தேவை குறையாத ஒரு நாட்டில் ஆங்கில வகுப்புகளுக்கான கிராக்கி குறைந்தது எப்படி என்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்றாகும்.

மெய்ஜி காலப் பின்னணி

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மேத்யூ பெர்ரியின் கப்பல்கள் ஜப்பானை அடைந்தன. 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியது. மேலைநாட்டு அறிவியல், சட்டம், பொறியியல் ஆகியவற்றை விரைவாகக் கற்க விரும்பிய புதிய அரசு, வெளிநாட்டு வல்லுநர்களைக் கூலிக்கு அமர்த்தியது. இவர்கள் 'ஓயாதோய்' எனப்பட்டனர். இவர்களுள் சிலர் ஜப்பானிய உயர் அலுவலர்களைவிடக் கூடுதலான ஊதியம் பெற்றனர். பின்னாளில் முதல் கல்வி அமைச்சரான மோரி அரினோரி, 1870களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தையே நாட்டின் மொழியாக ஏற்கலாம் எனக் கருத்துரைத்தார்.

ஆயினும் அயல்நாட்டு ஆசிரியர் ஒரு தற்காலிக ஏற்பாடாகவே கருதப்பட்டார். உள்நாட்டவர் பயிற்சி பெற்றதும் அவருடைய இடம் நிரப்பப்படும் என்பதே அரசின் எண்ணம். இதற்கு எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்னின் வாழ்க்கை எடுத்துக்காட்டாகும். 1890இல் ஜப்பான் வந்த அவர் மட்சுயே நகரப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். ஜப்பானியப் பெண்ணை மணந்து, குடியுரிமையும் பெற்று, கொய்சுமி யாகுமோ எனப் பெயர் மாற்றிக்கொண்டார். 1896 முதல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். 1903இல் அவருடைய பணி முடிவுக்கு வந்தது. அரசு உதவியுடன் லண்டன் சென்று படித்துத் திரும்பிய நட்சுமே சோசெகி அவ்விடத்தில் அமர்ந்தார். சோசெகி பின்னர் நவீன ஜப்பானிய இலக்கியத்தின் முதன்மை எழுத்தாளர்களுள் ஒருவரானார்.

வெறுப்பும் மீட்சியும்

ஆங்கிலக் கல்விக்கு எதிரான குரல்களும் எழுந்தன. 1927இல் அறிஞர் புஜிமுரா ட்சுகுரு, பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்தை நீக்க வேண்டும் என எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இரண்டாம் உலகப்போரின்போது ஆங்கிலம் 'எதிரியின் மொழி' எனப்பட்டது. 1942இல் பெண்கள் பள்ளிகளில் அது விருப்பப் பாடமாக்கப்பட்டது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. சில வாரங்களிலேயே வெளிவந்த 32 பக்க ஜப்பானிய-ஆங்கில உரையாடல் கையேடு ஒன்று சுமார் 36 லட்சம் படிகள் விற்றது. 1946 பிப்ரவரியில் ஹிராகவா தடாய்ச்சி நடத்திய வானொலி ஆங்கில வகுப்பு தொடங்கியது. ஜப்பானியக் குழந்தைப் பாடல் ஒன்றின் மெட்டில் ஆங்கிலச் சொற்களை அமைத்து முகப்பு இசையாக்கியிருந்தனர். உணவுக்கே தட்டுப்பாடு நிலவிய காலத்தில் மக்கள் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து ஆங்கிலம் பழகினர்.

1964இல் டோக்கியோ ஒலிம்பிக் போட்டியும் 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியும் நடந்தன. இக்காலத்தில் தனியார் உரையாடல் பள்ளிகள் பெருகத் தொடங்கின. இசிசி நிறுவனம் 1962இலும், ஜியோஸ் நிறுவனம் 1973இலும், நோவா நிறுவனம் 1981இலும் தோன்றின.

யென்னின் ஏற்றமும் ஜெட் திட்டமும்

1985 செப்டம்பரில் கையெழுத்தான பிளாசா ஒப்பந்தத்திற்குப் பின் ஜப்பானிய நாணயமான யென்னின் மதிப்பு வேகமாக உயர்ந்தது. ஒரு டாலருக்குச் சுமார் 240 யென் என்றிருந்த மாற்று விகிதம் 1995 ஏப்ரலில் சுமார் 80 யென்னை எட்டியது. உரையாடல் பள்ளி ஆசிரியரின் மாத ஊதியம் பொதுவாக இரண்டரை லட்சம் யென் அளவில் இருந்தது. 80 யென் விகிதத்தில் இது 3,100 டாலருக்கும் அதிகம். ஆசிரியர் பயிற்சி இல்லாத, ஏதேனும் ஒரு பட்டம் மட்டுமே பெற்ற இளைஞருக்கு இது நல்ல வருவாய். பலர் இதைக் கொண்டு தம் நாட்டில் வாங்கிய கல்விக் கடனை அடைத்தனர்.

1987இல் ஜப்பானிய அரசு 'ஜெட்' எனப்படும் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவுடன் வணிக உரசல் முற்றியிருந்த அக்காலத்தில், நாட்டைப் 'பன்னாட்டுமயமாக்குதல்' என்பது அரசின் முழக்கமாக இருந்தது. முதல் ஆண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். பெரும்பாலோர் அரசுப் பள்ளிகளில் துணை மொழியாசிரியர்களாக அமர்த்தப்பட்டனர். 2002இல் இவ்வெண்ணிக்கை 6,273 ஆக உயர்ந்தது.

நோவாவின் எழுச்சி

நொசோமு சாஹாஷி ஒசாகாவில் தொடங்கிய நோவா, ரயில் நிலையங்களை ஒட்டிக் கிளைகளைத் திறந்தது. 'நிலையத்தருகே வெளிநாட்டுப் படிப்பு' என்பது அதன் விளம்பர வாசகம். அலுவலகம் முடிந்து வீடு திரும்புவோர் வழியில் இறங்கி 40 நிமிட வகுப்பில் அமரலாம். வெளிநாடு செல்லப் பணமோ விடுப்போ இல்லாதவர்களுக்கு, அந்த வெளிநாட்டையே ரயில் நிலையத்திற்குக் கொண்டுவந்து தருவதாக நோவா கூறியது. அதன் விளம்பரங்களில் வந்த இளஞ்சிவப்பு முயல் நாடறிந்த சின்னமானது.

1996இல் நோவா பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. உச்சத்தில் அதற்கு 900க்கும் மேற்பட்ட கிளைகளும், 4 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களும், சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்களும் இருந்தனர்.

முன்பணமும் அரசு உதவியும்

இவ்வளர்ச்சிக்குப் பின்னால் இரு காரணங்கள் இருந்தன. முதலாவது முன்பணம். மாணவர் வகுப்புகளைப் 'புள்ளி'களாக மொத்தமாக வாங்க வேண்டும். நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒரே முறையில் வாங்கினால் ஒரு புள்ளியின் விலை குறையும். இதனால் ஓராண்டு, ஈராண்டு வகுப்புகளுக்கான தொகை முன்கூட்டியே நிறுவனத்தின் கைக்கு வந்தது. அத்தொகை புதிய கிளைகளுக்கும் விளம்பரத்திற்கும் செலவானது. பழைய மாணவருக்குப் பாடம் நடத்தப் புதிய மாணவரின் பணம் தேவைப்படும் நிலை உருவாயிற்று.

இரண்டாவது அரசின் உதவித்தொகை. 1998 டிசம்பரில் தொடங்கிய தொழிற்பயிற்சி உதவித் திட்டத்தின்படி, தகுதியுள்ள தொழிலாளர் வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து தம் பயிற்சிக் கட்டணத்தில் 80 விழுக்காடு வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, திரும்பப் பெற்றனர். ஆங்கில வகுப்புகளும் இதில் அடங்கின. 2003இல் இந்த உதவி 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கட்டணத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்றவரை வகுப்பில் சேர்ந்தவர்கள், அச்சுமை தம் மேல் விழுந்ததும் தயங்கினர். கிராக்கி குறைந்தபோதும் கிளைகளைத் திறப்பது நிற்கவில்லை.

கிளைகள் பெருகிய அளவுக்கு ஆசிரியர்கள் இல்லாததால், விரும்பிய நேரத்தில் வகுப்பு கிடைக்கவில்லை என மாணவர்கள் புகார் கூறினர். விலகியவர்களுக்குப் பணம் திருப்பித் தரும்போது, அவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திய புள்ளிகளுக்கு வாங்கியதைவிடக் கூடுதல் விலை கணக்கிடப்பட்டது. இதனால் கைக்கு வரும் தொகை குறைந்தது. ஒரு மாணவர் தொடுத்த வழக்கில் 2007 ஏப்ரல் 3 அன்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் இக்கணக்கீட்டு முறை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் பொருளாதார, வணிக, தொழில்துறை அமைச்சகம், ஓராண்டுக்கு மேற்பட்ட புதிய ஒப்பந்தங்களை ஆறு மாதங்களுக்கு விற்கத் தடை விதித்தது. முன்பணம் நின்றது, அதையே நம்பியிருந்த நிறுவனம் தள்ளாடியது.

2007 அக்டோபர்

முதலில் ஜப்பானிய ஊழியர்களின் சம்பளமும், பின்னர் வெளிநாட்டு ஆசிரியர்களின் சம்பளமும் தாமதமாயின. அக்டோபரில் வரவேண்டிய சம்பளம் ஆசிரியர்களுக்கு வரவில்லை. பலர் நிறுவனம் ஏற்பாடு செய்த அடுக்குமாடி வீடுகளில் தங்கியிருந்தனர். அவர்களுடைய சம்பளத்தில் வாடகை பிடிக்கப்பட்டும் அது வீட்டு உரிமையாளர்களுக்குச் செலுத்தப்படாமல் இருந்தது. வீட்டைக் காலி செய்யும்படி சிலருக்கு அறிவிப்பு வந்தபோதுதான் அவர்களுக்கு இது தெரிந்தது.

2007 அக்டோபர் 26 அன்று நோவா ஒசாகா மாவட்ட நீதிமன்றத்தில் கடன் பாதுகாப்புக் கோரி மனு செய்தது. கிளைகள் மூடப்பட்டன. வேலை, வீடு, கைச்செலவுக்குப் பணம் ஆகிய மூன்றையும் ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் இழந்தனர். நாட்டில் தொடர்ந்து தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் தேவை. அதுவும் அவர்களிடம் இல்லை. தொழிற்சங்கங்கள் உதவி மையங்களை அமைத்தன. உணவுக்கு ஈடாக ஆங்கிலம் கற்பிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. பழைய மாணவர்கள் சிலர் தம் ஆசிரியர்களுக்கு உணவும் தங்க இடமும் கொடுத்தனர். சம்பள பாக்கியின் ஒரு பகுதியை அரசே வழங்கும் திட்டத்தின்கீழ் ஆசிரியர்கள் விண்ணப்பித்தனர்.

மாணவர்களின் இழப்பும் பெரியது. நோவாவின் ஒரு பகுதியை வாங்கிய புதிய நிறுவனம், பழைய முன்பணத்தை முழுமையாக ஏற்கவில்லை. கூடுதல் கட்டணம் செலுத்தினால் எஞ்சிய புள்ளிகளைப் பயன்படுத்தலாம் என்றது. ஊழியர் நல நிதியைத் தவறாகப் பயன்படுத்திய வழக்கில் சாஹாஷி 2009இல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது.

பின்விளைவுகள்

2010 ஏப்ரலில் ஜியோஸ் நிறுவனமும் திவாலானது. மக்கள் நீண்டகால ஒப்பந்தங்களுக்கு முன்பணம் கட்ட அஞ்சினர். மாதக் கட்டண முறை பரவியது. ஜெட் திட்டத்திலும் ஆட்கள் குறைக்கப்பட்டனர். செலவைக் குறைக்க விரும்பிய நகராட்சிகள், பணியாளர் வழங்கும் தனியார் நிறுவனங்கள் வழியாகக் குறைந்த ஊதியத்தில் துணை ஆசிரியர்களை அமர்த்தின. 1973இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் சுமார் 20.9 லட்சம், 2016இல் இது 10 லட்சத்திற்கும் கீழே சென்றது. கற்போரின் எண்ணிக்கையே சுருங்கியது.

நோவா வீழ்ந்த 2007ஆம் ஆண்டிலேயே டோக்கியோவில் ரேர்ஜாப் என்னும் இணையவழி நிறுவனம் தொடங்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் தம் நாட்டிலிருந்தே கணினி வழியாக 25 நிமிட வகுப்பு எடுத்தனர். கட்டணம் பழைய பள்ளிகளைவிட மிகக் குறைவு. ரயில் நிலையத்தருகே வாடகைக் கட்டடமோ, விமானச் சீட்டோ, வீட்டு வசதியோ இதற்குத் தேவையில்லை.

யென்னின் மதிப்பும் சரிந்தது. 2024 ஜூலையில் ஒரு டாலர் சுமார் 160 யென் ஆனது. அதே இரண்டரை லட்சம் யென் இவ்விகிதத்தில் சுமார் 1,560 டாலர்தான். 1995இல் கிடைத்ததில் ஏறத்தாழப் பாதி. ஊதிய எண் மாறாமலேயே வேலையின் மதிப்பு பாதியாகியது.

சீனாவில் ஒத்த நிகழ்வு

சந்தை சரிந்ததால் ஜப்பானில் நிகழ்ந்தது, சீனாவில் அரசாணையால் நிகழ்ந்தது. 2021 ஜூலையில் சீன அரசு, பள்ளி மாணவரின் வீட்டுப்பாடச் சுமையையும் தனிப்பயிற்சிச் சுமையையும் குறைக்கும் 'இரட்டைக் குறைப்பு' கொள்கையை அறிவித்தது. பள்ளிப் பாடங்களில் லாப நோக்குள்ள தனிப்பயிற்சிக்குத் தடை வந்தது. வெளிநாட்டில் இருந்தபடி சீனக் குழந்தைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்துவதும் தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டிலிருந்தே விஐபிகிட் போன்ற நிறுவனங்களுக்காகக் கற்பித்த பல்லாயிரம் ஆசிரியர்கள் சில மாதங்களில் அவ்வருவாயை இழந்தனர். நியூ ஓரியண்டல் நிறுவனம் 60,000 ஊழியர்களை விலக்கியதாக அதன் நிறுவனர் யூ மின்ஹோங் தெரிவித்தார்.

மதிப்பீடு

ஜப்பானில் ஆங்கிலத்தின் இடம் இக்காலத்தில் சுருங்கவில்லை. 2011 முதல் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் அயல்மொழிச் செயல்பாடு கட்டாயமானது. 2020இல் அது மதிப்பெண் வழங்கப்படும் பாடமாக மாறியது. ஆங்கில வகுப்புத் தொழில் நின்றது மொழியின் தேவை மீது மட்டுமல்ல. உயர்ந்த யென், அரசு உதவித்தொகை, மாணவரின் முன்பணம் ஆகியவை அதைத் தாங்கின. அவை ஒவ்வொன்றாக விலகியபோது தொழில் சரிந்தது.

அச்சரிவின் சுமை மேசையின் இருபுறமும் அமர்ந்திருந்தோர் மீது விழுந்தது. ஒருபுறம், எப்போதாவது பேசிவிடலாம் என்ற நம்பிக்கையில் பணத்தைச் செலுத்திய மாணவர்; மறுபுறம், தாய்மொழி ஒன்றையே தகுதியாகக் கொண்டு கடல் கடந்து வந்த ஆசிரியர். மெய்ஜி காலத்தில் ஹெர்னைப் போன்றோர் எதிர்கொண்ட உண்மையையே நோவாவின் ஆசிரியர்களும் எதிர்கொண்டனர்: அயல்நாட்டு மொழியாசிரியரின் பணி எப்போதும் பிறருடைய கொள்கையையும் நாணயத்தையும் சார்ந்தது.