அமெரிக்கக் கல்லூரி அணியில் இடம்பிடிக்க யூடியூப் வீடியோ போதுமா?

2016-ல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் தடகளப் போட்டியில் 2.26 மீட்டர் உயரம் தாண்டி தேசிய சாதனை படைத்தார் தேஜஸ்வின் சங்கர். டெல்லியில் வளர்ந்த தமிழர். அடுத்த ஆண்டே ஸ்காலர்ஷிப்போடு அமெரிக்காவின் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2018, 2022 என இரண்டு முறை என்சிஏஏ உயரம் தாண்டுதல் சாம்பியன் ஆனார். (அமெரிக்காவில் சுமார் 1,100 கல்லூரிகளின் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் அமைப்புதான் என்சிஏஏ.)

அவர் விஷயத்தில் 2.26 என்ற எண்ணே போதுமான அறிமுகம். கான்சஸில் இருக்கும் கோச்சுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அக்கா மகள் நன்றாக பாஸ்கெட்பால் ஆடுகிறாள் என்று வையுங்கள். ‘மாநில அணியில் ஆடியவள்’ என்பது நமக்குப் பெரிய விஷயம். அந்தப் போட்டி எவ்வளவு கடினமானது என்று அமெரிக்க கோச்சுக்குத் தெரியாது. அவளைப் பார்க்க இந்தியாவுக்கு விமான டிக்கெட்டும் போடமாட்டார். அங்கேதான் வீடியோ வேலைக்கு வருகிறது.

அதாவது தடகளம், நீச்சல் மாதிரி மீட்டரிலும் நொடியிலும் அளக்கும் விளையாட்டுகளில் வீடியோ வெறும் துணைச் சான்று. டென்னிஸ் நடுவில் நிற்கிறது: கோச் முதலில் யூடிஆர் என்ற சர்வதேச ரேட்டிங்கைப் பார்ப்பார், அது பிடித்திருந்தால்தான் லிங்க்கைத் திறப்பார். பாஸ்கெட்பால், கால்பந்து, வாலிபால் மாதிரி அணி விளையாட்டுகளில் வீடியோதான் விண்ணப்பமே. எங்கே காசும் நேரமும் செலவழிப்பது என்பதை இதை வைத்து முடிவு செய்யலாம்.

வீடியோவில் என்ன இருக்க வேண்டும்?

நம்மூரில் பலரும் எடுப்பது கல்யாண ஹைலைட்ஸ் மாதிரி ஒன்று. ஸ்லோ மோஷன், பின்னணியில் அனிருத், ட்ரோன் ஷாட். கோச்சுக்கு இதில் எதுவும் தேவையில்லை. அவர் ஒரு நாளில் திறக்கும் பல லிங்க்குகளில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான். முதல் அரை நிமிடத்தில் சிறந்த ஆட்டம் தெரியாவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்.

தொடக்கத்தில் ஐந்து நொடி: பெயர், பிளஸ் டூ முடிக்கும் ஆண்டு, உயரம், ஆடும் இடம், ரேட்டிங் இருந்தால் ரேட்டிங், மின்னஞ்சல். பிறகு நேராக ஆட்டம், மொத்தம் மூன்று முதல் ஐந்து நிமிடம். அணி விளையாட்டு என்றால் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் படத்தை ஒரு நொடி நிறுத்தி, ஆடுபவர் மேல் ஒரு வட்டம் போடுங்கள். கேமரா உயரத்தில், முழு கோர்ட்டும் தெரியும்படி நிற்கட்டும். பந்து இல்லாதபோது உங்கள் பெண் எங்கே நகர்கிறாள் என்பதையும் கோச் பார்ப்பார். முகத்தை மட்டும் ஜூம் செய்தால் அது போய்விடும். டென்னிஸில் கேமரா கோர்ட்டின் பின்பக்கம், வலைக்கு மேல் தெரியும் உயரத்தில் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், வெட்டாத முழு ஆட்டத்தின் லிங்க் ஒன்று. ஹைலைட்ஸில் எல்லோருமே சாம்பியன்தான். தொடர்ந்து மூன்று பாயின்ட் விட்ட பிறகு தோள் தொங்குகிறதா, சக வீராங்கனை தப்பு செய்தால் முகம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் முழு ஆட்டத்தில்தான் தெரியும். செல்போனும் ஒரு ட்ரைபாடும் இதற்குப் போதும்.

யூடியூபில் ‘பிரைவேட்’ என்று வைத்தால் கோச்சால் திறக்க முடியாது. ‘அன்லிஸ்டட்’ என்று வையுங்கள். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்ப்பார்கள், சிறுவயதுப் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது.

பதில் வரவில்லையே?

டிவிஷன் 1-ல் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு விதி உண்டு: மாணவர் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15 வரை கோச் தனிப்பட்ட முறையில் பதில் எழுதக்கூடாது. நீங்கள் அனுப்பலாம், அவர் பார்க்கலாம். எனவே ஒன்பதாம் வகுப்பில் அனுப்பிவிட்டு மௌனத்தை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோச்சின் மின்னஞ்சல் பொதுவாக அணியின் இணையதளத்திலேயே இருக்கும், அவர் பெயர் சொல்லி ஐந்தாறு வரி போதும். நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

போட்டி இப்போது கூடியிருக்கிறது என்பதும் உண்மை. 2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்தது. வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிய 20 வயது வீரரை கோச் அதில் பார்த்து எடுக்கலாம். பள்ளி முடிக்கும் மாணவர் அவரோடும் மோத வேண்டும்.

ஏஜென்ட் தேவையா?

வீடியோ எடிட் செய்யவும் மின்னஞ்சல் அனுப்பவும் மொத்தமாகக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் நிறைய. உதவிக்கு வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் ‘ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதில் இத்தனை சதவீதம்’ என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். உதவித்தொகையோடு இடம் வாங்கித் தருவதை வைத்துக் கட்டணம் பேசுவதை என்சிஏஏ விதி அனுமதிப்பதில்லை, மாணவரின் தகுதியே சிக்கலில் மாட்டும். இடம் ‘கேரண்டி’ என்பவரையும் நம்ப வேண்டாம். முடிவு கோச் கையிலும் அட்மிஷன் அலுவலகத்தின் கையிலும்தான்.

மதிப்பெண்ணும் கணக்கில் வரும். டிவிஷன் 1, 2-ல் ஆட ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை 16 முக்கியப் பாடங்களின் கணக்கைக் காட்ட வேண்டும். நம் வீடுகளில் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் லேமினேட் ஆகி பீரோவில் இருக்கும், ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டைத் தேடினால் கிடைக்காது. அதை இன்றே எடுத்து வையுங்கள்.

கடைசியாகப் பணம். ‘ஸ்காலர்ஷிப்’ என்றால் முழுச்செலவு என்று அர்த்தமில்லை. பல தனியார் பல்கலைக்கழகங்களில் தங்கும் செலவோடு ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். 40 சதவீத ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் 36,000 டாலர் நீங்கள் கட்ட வேண்டும். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால்கூட வருடத்துக்கு 30 லட்சம் ரூபாய்க்கு மேல். டிவிஷன் 3 கல்லூரிகளிலும், ஹார்வர்டு, கொலம்பியா அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, வேறு வகை உதவித்தொகை மட்டும்தான். கோச் ‘ஆஃபர்’ என்று சொன்னதும் எத்தனை சதவீதம், ஓராண்டுக்கா நான்காண்டுக்கா, காயம்பட்டால் தொடருமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.