வழியும் வரியும்



மாரி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் ஒழுங்கைகள் வாய்க்கால்களாகிவிடும். காலையில் பாடசாலை வாயிலில் நின்று பார்த்தால், சப்பாத்துக்களைக் கையில் ஏந்திக்கொண்டு, முழங்கால் மட்டும் சேறு படிந்தவர்களாய் வருகின்ற பிள்ளைகளைக் காணலாம். அவர்களுள் ஒருவன் ஒருநாள் என்னிடம், "சேர், இந்த ஒழுங்கையை ஆர் திருத்த வேணும்?" என்று கேட்டான். பிரதேச சபை என்று சொல்லி அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. சபை திருத்த வேண்டும் என்றால் அதற்குரிய பணம் எங்கிருந்து வரும்? வீதியில் ஓடுகின்ற வாகனங்களும் அவை குடிக்கின்ற எண்ணெயும் அரசுக்கு வரி செலுத்துகின்றனவே, அப்பணம் எவ்வழியாற் செல்கின்றது? இவ்வினாக்களுக்கு வரலாறு கூறும் விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் அரசனுக்குரிய பொருட்கடமைகளை நான்காக வகுத்தார். வருவாய்க்கு வழி காணுதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை வகுத்துச் செலவிடுதல் என்பன அவை. வீதிக்கென விதிக்கப்பட்ட வரிகளின் வரலாற்றை ஆராய்வோருக்கு இந்நான்கினையும் விடச் சிறந்த அளவுகோல் வேறில்லை. இவற்றுள் ஒன்று தவறினாலும் வழி சீர்கெடும். சில வேளைகளில் நாடே கலங்கும்.

முதலில் நம் நாட்டை நோக்குவோம். கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமானது. மலைநாட்டை ஆளுவதற்கு வீதி இன்றியமையாதது என்பதைத் தேசாதிபதி சேர் எட்வேட் பான்ஸ் நன்குணர்ந்திருந்தார். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி அவர் முயற்சியால் எழுந்தது. அதற்கு வேண்டிய உழைப்பை அவர் எங்கிருந்து பெற்றார்? நிலத்தை அனுபவிப்போர் மன்னனுக்கு ஆற்ற வேண்டிய ஊழியமாகப் பண்டு தொட்டு வழங்கிய இராசகாரியத்தையே அவர் வீதி வேலைக்குப் பயன்படுத்தினார். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைப்படி 1832 ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர் வீதி வேலை செய்வோருக்குக் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த பத்தாண்டுகளில் மலைச்சாரல்கள் எங்கும் கோப்பித் தோட்டங்கள் பரவின. கோப்பி மூடைகள் துறைமுகத்தை அடைவதற்குத் தோட்டத் துரைமார் வீதி கேட்டனர். ஆனால் 1847 ஆம் ஆண்டில் கோப்பியின் விலை வீழ்ந்தது, திறைசேரி வறண்டது. அவ்வாண்டில் தேசாதிபதியாக வந்த டொரிங்டன் பிரபு, 1848 ஆம் ஆண்டில் ஒரு தெருச் சட்டத்தை இயற்றினார். பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வரையான வயதுடைய ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் வேலை செய்தல் வேண்டும். இயலாதோர் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும். இதுவே அச்சட்டத்தின் சாரம். துவக்குக்கும், நாய்க்கும், கடைக்கும், வண்டிக்கும் கூட அவ்வாண்டில் வரி விதிக்கப்பட்டது.

ஒழிந்துவிட்டதென எண்ணிய இராசகாரியம் வேறு உருவில் மீண்டும் வந்ததென மக்கள் கருதினர். கோப்பி மூடை செல்வதற்கான வீதியை, கோப்பிச் செடி ஒன்றேனும் இல்லாத குடியானவன் வெட்ட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. தோட்டத்துக்கு உரியவனும் அன்றாடங்காய்ச்சியும் தலைக்கு ஒரே அளவாய்ச் செலுத்துதல் எந்த நீதி என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்தது. யூலை மாதத்தில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி மூண்டது. கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூடினார். படைச்சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஓகஸ்ட் 8 ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இலண்டன் பாராளுமன்றம் விசாரணை நடாத்தியது. டொரிங்டன் 1850 இல் திரும்ப அழைக்கப்பட்டார். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பலவாயினும் தெரு வரி அவற்றுள் முதன்மையான ஒன்று என்பதில் ஐயமில்லை. ஏனைய வரிகள் சில கைவிடப்பட்ட போதும், ஆறு நாள் ஊழியத்துக்கீடான இவ்வரி தலைவரியாக இருபதாம் நூற்றாண்டு வரை நிலைத்தது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஆறு நாள் என்னும் இக்கணக்கு இங்கிலாந்தின் பழஞ் சட்டத்தில் உள்ளது. அங்கே ஒவ்வொரு கோவிற்பற்றும் தன் வழியைத் தானே பேண வேண்டுமென 1555 ஆம் ஆண்டில் விதித்து, ஆண்டுக்கு நான்கு நாள் வேலையைக் கட்டாயமாக்கினர். 1563 இல் அது ஆறு நாளாயிற்று. விருப்பின்றி வந்தவர் வெட்டிய வழி எவ்வாறிருக்கும்? பயனின்மை கண்டு 1835 ஆம் ஆண்டில் அங்கே அம்முறையை நீக்கிவிட்டனர். தம் நாட்டில் உதவாதெனக் கழித்ததைப் பதின்மூன்று ஆண்டுகளின் பின் நம் நாட்டில் நாட்டினர்.

அதற்கிடையில் இங்கிலாந்தார் வேறொரு முறையையும் கையாண்டனர். வழியின் குறுக்கே படலை அமைத்து, கடந்து செல்வோரிடம் ஆயம் வாங்குவதே அது. வழியைப் பயன்படுத்துவோனே செலுத்துகின்றான் என்ற அளவில் இது தலைவரியிலும் நேர்மையானது. ஆயினும் சில மைல் தூரத்துக்கு ஒரு படலையாக நின்று ஏழை உழவனின் சுண்ணாம்பு வண்டியையும் மறித்தபோது மக்கள் பொறுமை இழந்தனர். வேல்ஸ் நாட்டில் 1839 முதல் 1843 வரை, ஆடவர் பெண்ணுடை தரித்து இரவில் வந்து ஆயப் படலைகளை உடைத்தெறிந்தனர். 'ரெபெக்கா கலகம்' என வரலாறு இதனைக் குறிக்கும். மாத்தளையிலும் வேல்சிலும் நடந்தவை ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. சேர்க்கும் முறை நேரியதாக இல்லாவிடின், நல்ல பணிக்குரிய வரியும் மக்களுக்குக் கொடுமையாகவே தோன்றும்.

பின்னர் மோட்டார் வாகனம் வந்தது. அதனோடு புதியதொரு வழியும் தோன்றியது. வாகனம் எண்ணெயின்றி ஓடாது. நெடுந்தூரம் ஓடுவது மிகுதியாகக் குடிக்கும். பாரமானது அதனினும் மிகுதியாகக் குடிக்கும். ஆகவே எண்ணெயின் மீது வரி விதித்தால், வழியைத் தேய்ப்பவன் தேய்த்த அளவுக்குத் தானே செலுத்துவான். படலையும் வேண்டாம், காவலாளும் வேண்டாம். இந்த எண்ணத்தை அமெரிக்காவில் முதன்முதலாகச் சட்டமாக்கியது மேற்குக் கரையிலுள்ள ஒரிகன் மாநிலம். பரப்பில் அது இலங்கையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அன்றைய குடிகளோ எட்டு இலட்சத்துக்கும் குறைவு. மழைக்காலத்தில் அங்கும் வண்டிகள் அச்சு மட்டும் சேற்றிற் புதையும். 1905 முதல் அங்கே வாகனப் பதிவுக் கட்டணம் இருந்தது. 1919 ஆம் ஆண்டு பெப்ரவரியில் கலன் ஒன்றுக்கு ஒரு சதம் எரிபொருள் வரி விதித்து, அதனை வீதிகளுக்கென ஒதுக்கினர். பத்தே ஆண்டுகளில், 1929 அளவில், அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் அவ்வழியைப் பின்பற்றின. அதே 1929 இல் நம் அயலான இந்தியாவும், ஜயகர் தலைமையிலான குழுவின் விதந்துரைப்படி, பெற்றோல் மீது மேல்வரி விதித்து மத்திய வீதி நிதியை அமைத்தது.

சேர்ப்பதற்கு வழி பிறந்துவிட்டது. இனிக் காத்தல் என்னும் கடமை. பிரித்தானியாவின் கதை இங்கே நமக்கு எச்சரிக்கையாக அமைகின்றது. ஒரிகனுக்குப் பத்தாண்டு முன்னரே, 1909 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜ் பெற்றோலுக்கும் வாகனங்களுக்கும் வரி விதித்தார். அவ்வருவாய் வீதிகளுக்கே செலவாகும் என்று வாக்களித்தமையால் வாகனக்காரர் மனமுவந்து ஏற்றனர். 1920 ஆம் ஆண்டில் வீதி நிதி என்றே ஒரு நிதி எழுந்தது. ஆண்டுதோறும் வாகனங்கள் பெருகின, நிதியும் நிறைந்தது. நிறைந்த குளத்தைக் கண்டால் எவர்க்கும் வாய்க்கால் வெட்டத் தோன்றுமன்றோ? 1926 ஆம் ஆண்டில் நிதியமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில், அதன் சேமிப்பிலிருந்து எழுபது இலட்சம் பவுணை எடுத்துப் பொதுச் செலவில் ஏற்பட்ட துண்டை அடைத்தார். 1937 முதல் வாகன வரி நேரே பொதுத் திறைசேரியைச் சேர்ந்தது. 1955 ஆம் ஆண்டுச் சட்டம் பெயரளவில் எஞ்சியிருந்த நிதியையும் முடித்துவைத்தது. வீதிக்கெனச் சொல்லி வாங்கிய வரி நிலைத்தது. வீதிக்கு என்ற சொல் மறைந்தது.

சேர்ச்சிலின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைத்தலாகாது. மதுவின் மீது வாங்கும் வரி மதுக்கடைக்கே செலவாவதில்லை. அவ்வாறே வாகன வரியும் மருத்துவமனைக்கும் பாடசாலைக்கும் செல்லலாம் அன்றோ? பாடசாலையில் பணியாற்றும் நான் இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் வாக்களித்து வாங்கிய பணத்தை வேறு வழியிற் செலவிட விரும்பின், மக்களிடம் அதனை வெளிப்படையாகக் கூறி இசைவு பெறுதல் வேண்டும். வரிப்பணத்தைக் காட்டிலும் காத்தற்கரியது வரி செலுத்துவோனின் நம்பிக்கை.

ஒரிகன் மக்கள் இதனை அறிந்தவர்கள் போலும். எரிபொருள் வரியும் வாகனக் கட்டணமும் வீதிக்கே உரியன என்று 1942 ஆம் ஆண்டில் மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தனர். 1980 இல் அவ்விதியை மேலும் இறுக்கினர். நான்காவது கடமையாகிய வகுத்தலிலும் அவர்கள் கருத்தாயிருந்தனர். வந்த பணம் முழுவதையும் மாநிலமே பெருவீதிகளில் செலவிட்டுவிடுவதில்லை. ஒரு பங்கு மாவட்டங்களுக்கும் ஒரு பங்கு நகரங்களுக்கும் சட்டப்படி செல்கின்றது. மாவட்டங்களுக்குப் பதிவான வாகனங்களின் தொகையையும், நகரங்களுக்குக் குடித்தொகையையும் அளவாகக் கொண்டு பங்கிடுகின்றனர். ஆகவே சிறியதொரு நகரசபையும் எவர் தயவையும் நாடாது, தனக்குரிய பங்கைக் கொண்டு தன் தெருவின் குழியை நிரப்பலாம்.

பாரவண்டிகளின் பொருட்டு அங்கே வேறொரு நியாயமும் செய்யப்பட்டது. எண்ணெய் வரி மட்டும் அவற்றின் சேதத்துக்கு ஈடாகாது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லொறிகளை ஓட்டி நடாத்திய பெருஞ் சோதனை ஒன்றில், அச்சின் பாரம் இருமடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறக்குறையப் பதினாறு மடங்காகின்றது என்று கண்டனர். பாரவண்டிகள் அவற்றின் நிறைக்கும் ஓடிய மைலுக்கும் ஏற்பச் செலுத்த வேண்டும் என்பது ஒரிகனின் விதி.

இனி நம் மாணவனின் ஒழுங்கைக்குத் திரும்புவோம். நம் நாட்டில் ஏ, பி தரப் பெருவீதிகள் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண சபைகளைச் சார்ந்தவை. எஞ்சிய ஊர்த் தெருக்களும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சிச் சபைகளின் தலையில். பெற்றோல், டீசல் மீதான வரி பொதுவாகத் திரட்டு நிதியைச் சேரும். நாம் ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டும் பணம், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாண சபைக்கு உரியது. பிரதேச சபை எதன் மீது வாகன வரி விதிக்கலாம்? 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின்படி துவிச்சக்கர வண்டி, மாட்டு வண்டி போன்றவற்றின் மீது ஒரு சிறு தொகை! ஒழுங்கையை உழுது செல்லும் மணல் லொறி செலுத்துவது வேறிடத்துக்கு. ஒழுங்கையை நோகாமல் உருண்டு செல்லும் துவிச்சக்கர வண்டியின் வரியே ஊர்ச் சபைக்கு. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மானியங்களும் சபைக்கு வருவதுண்டு. ஆனால் அவற்றுக்கும் வீதியின் தேய்வுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். மின்சாரத்தால் ஓடும் வாகனங்கள் பெருகி வருகின்றன. அவை எண்ணெய் வரி செலுத்தா. இதனை முன்னறிந்து ஒரிகன் 2015 ஆம் ஆண்டில், விரும்பியோர் ஓடிய மைலுக்கேற்பச் செலுத்தும் திட்டமொன்றைத் தொடங்கியது. எண்ணெய் வரியை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்திய மாநிலமே அதற்கு மாற்றையும் தேடுகின்றது. வரியின் வடிவம் காலந்தோறும் மாறும். ஊழியம் ஆயமாகி, ஆயம் எண்ணெய் வரியாகி, எண்ணெய் வரி மைற்கணக்காகலாம். நேரிதாய்ச் சேர்த்து, வாக்குத் தவறாது காத்து, கடைசி ஒழுங்கை வரை வகுத்தல் வேண்டும் என்பது மட்டும் மாறாது.

"ஆர் திருத்த வேணும்?" என்று கேட்ட பிள்ளைக்கு இன்று நான் சற்றே நீண்ட விடை கூறுவேன். திருத்த வேண்டியது சபை. பணம் தருவது வழியிற் செல்லும் நாம் எல்லோரும். கொடுத்த பணம் நம் ஒழுங்கை வரை வந்ததா என்று கேட்க வேண்டியவன் நாளைய வாக்காளனாகிய நீ. 1848 இல் நம் முன்னோருக்கு அவ்வாறு கேட்பதற்கு ஒரு சபையும் இருக்கவில்லை. கலகமே அவர்களுக்குக் கிடைத்த மொழியாயிற்று. நமக்குச் சபை உண்டு. அதன் வரவு செலவுத் திட்டமும் உண்டு. அடுத்த மாரி வருமுன் அதனை ஒரு முறையேனும் எடுத்து வாசித்துப் பாருங்கள்.