முடிச்சை நம்பியவர்கள்

1987-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ரீட் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த ஸ்டீவ் சில்லெட், தம் சகோதரருடனும் கல்லூரி நண்பர் ஒருவருடனும் வடகலிபோர்னியாவின் பிரெய்ரி கிரீக் காட்டுக்குச் சென்றார். வானளாவி நின்ற ஒரு ரெட்வுட் மரம் அவரை ஈர்த்தது. (ரெட்வுட்டைச் ‘செம்மரம்’ எனலாம்தான். ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவன சேஷாசலம் மலையும் கடத்தல் வழக்குகளும் என்பதால் விட்டுவிடுகிறேன்.) அம்மரத்தின் தாழ்ந்த கிளையே எட்டாத உயரத்தில் இருந்தது. அவரோ பக்கத்திலிருந்த சிறிய மரத்தில் ஏறி, அங்கிருந்து பெருமரத்தின் கிளைக்குத் தாவினார். கயிறு கிடையாது, பிடி தவறியிருந்தால் பிழைத்திருக்கவும் வழி கிடையாது. ஏறத்தாழ முப்பது மாடி உயரம் ஏறியவர், அங்கே ஹக்கிள்பெரிச் செடிகள் பழுத்து நிற்கக் கண்டார்.

ரிச்சர்ட் பிரஸ்டன் 2007-இல் வெளியிட்ட ‘தி வைல்ட் ட்ரீஸ்’ நூலைப் படித்தவர்கள் மனத்தில் இந்தத் தாவல்தான் நிற்கும். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் இருந்தது. மறுவாசிப்பில் அதன்மீது எனக்கு ஐயம் தோன்றியது. அது துணிச்சல், ஐயமில்லை; ஆனால் பிறருக்குக் கற்றுக்கொடுக்க முடியாத துணிச்சல். கயிற்றில் மரமேறும் கலையின் வரலாறோ, அத்தகைய தாவலே எவருக்கும் தேவைப்படாதபடி செய்த சில முடிச்சுகளின் வரலாறு.

நம் பனையேறி உடலால் மரத்தைப் பற்றுகிறார். காலில் தளைநார், கைகளில் வலு, மார்பில் காய்ப்பு என அவர் மரத்தோடு மரமாக ஒட்டியே உயர்கிறார். அது பிழைப்புக்கான ஏற்றம். அதில் பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கே இடமில்லை. மேலைநாட்டு மரப் பராமரிப்பாளர்களின் முறை வேறு. அவர்கள் மரத்தைப் பற்றுவதில்லை. கிளைமேல் சென்று திரும்பும் கயிற்றில் தொங்குகிறார்கள். கயிற்றின் ஒரு நுனி இடுப்பிலும் தொடைகளிலும் பூட்டிய வார்ப்பட்டையில் கட்டப்படுகிறது. அதே நுனியின் மிச்சப் பகுதி, மறுபக்கம் இறங்கி வரும் கயிற்றைச் சுற்றி ஓர் உராய்வு முடிச்சாகிறது. கையால் தள்ளினால் முடிச்சு மேலே நகரும். உடலின் எடை அதன்மேல் விழுந்த கணம் இறுகி நின்றுவிடும். ஒரு மீட்டர் கயிற்றை இழுத்தால் அரை மீட்டர்தான் உயர்வோம். மெதுவானதுதான், ஆனால் தோள்வலு மிகுந்தவர்க்கு மட்டுமே உரியதாக இருந்த மரம், இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கினால்தான் மற்றவர்க்கும் திறந்தது.

இத்தகைய முடிச்சுகளில் பெயர்பெற்ற ஒன்றை ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் அறிமுகப்படுத்தினார். இன்று மரமேறிகள் பெரிதும் பயன்படுத்தும் ‘பிளேக் முடிச்சு’, 1994-இல் ஜேசன் பிளேக் என்பவர் மரப் பராமரிப்பு இதழொன்றில் எழுதியதால் அப்பெயர் பெற்றது. ஆனால் ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்ற ஆஸ்திரியர் 1981-இலேயே அதை வழிகாட்டிகளின் இதழொன்றில் வெளியிட்டிருந்தார்! பாடலின் ஆசிரியர் யார் என்று பதிப்புரைகளில் வழக்காடிப் பழகிய நமக்கு இது புதிதன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மணிலா நார்க்கயிற்றின் இடத்தை நைலான் பிடித்ததும் இவ்வரலாற்றில் பெரிய திருப்பம்.

தொழிலை விளையாட்டாக்கியவர் பீட்டர் ஜென்கின்ஸ். பாறையேற்றத்தில் பழகி, பின்னர் மரப் பராமரிப்பாளரான அவர், 1983-இல் அட்லாண்டா நகரில் ‘ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல்’ அமைப்பைத் தொடங்கி, வெட்டவோ கழிக்கவோ வேலையேதும் இல்லாமல் வெறுமனே ஏறுவதற்கென்று பொதுமக்களை மரத்துக்கு அழைத்தார். மின்கம்பம் ஏறுவோரும் மரவெட்டிகளும் காலில் பூட்டும் இரும்பு முள் பட்டையைக் குத்திக் காயப்படுத்தும். பொழுதுபோக்காக ஏறுவோர் அதை விலக்கினர். கயிறு உரசி மரத்தைத் தேய்க்காதிருக்கக் கிளைமேல் உறையும் இட்டனர்.

இக்கலையில் முதற்பாடம் ஏறுவதன்று, தொங்குவது. முதலில் மரத்தைச் சுற்றிவந்து பட்ட கிளை, குளவிக்கூடு, மின்கம்பி உண்டா எனப் பார்க்கவேண்டும். எடை கட்டிய மெல்லிய நூலை உயிருள்ள, பருத்த கிளைமேல் எறிந்து, அதன்வழிக் கயிற்றை ஏற்றி, தரையில் நின்றபடியே எடை கொடுத்துச் சோதிக்கவேண்டும். பிறகு முழங்கால் உயரத்தில் வார்ப்பட்டையில் அமர்ந்து இரு கைகளையும் விடவேண்டும். முடிச்சு தாங்குகிறது என்று அறிவு சொல்லும்; விரல்கள் கேட்கமாட்டா. தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் கயிற்றை இறுக்கிப் பிடிப்பவரே முப்பது அடியிலும் பிடித்துக் களைக்கிறார். ஆகவே அங்கேயே ஏறி, இறங்கி, முடிச்சை அவிழ்த்து, மீண்டும் கட்டிப் பழகவேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரருகே நிற்கவே அஞ்சும் நான் இதை எழுதுவது விந்தைதான். ஆனால் அஞ்சுபவனுக்குத்தான் இந்த வரிசையின் அருமை புரிகிறது.

நோய்க்கிருமிகள் பற்றி எழுதிப் புகழ்பெற்ற பிரஸ்டனும் நாற்பது வயதைக் கடந்தபின் அட்லாண்டாவில் இவ்வாறே தொடக்கநிலை மாணவராகக் கற்றார். சில்லெட்டும் பின்னாளில் கயிற்றுக்கு வந்தார். வில்லால் அம்பெய்து தூண்டில் நரம்பைக் கிளைமேல் செலுத்தி, அதன்வழி நூற்கயிறு, அதன்வழி ஏறுகயிறு என்பது ரெட்வுட் முறை. கயிறு இருந்ததால்தான் மரத்தின் மேலேயே நாள் முழுவதும் தங்கி அளக்கவும் எண்ணவும் இயன்றது. வெறும் கிளைகள் என எண்ணியிருந்த அவ்வுயரத்தில் மட்கிய மண்படுகை, பெரணிகள், லைக்கன்கள், சாலமாண்டர்கள் எனத் தனியொரு காடு இருந்தது. 1987-இன் தாவல் ஹக்கிள்பெரிப் பழங்களைக் காட்டியது. அவை வேரூன்றிய மண்ணை ஆராயக் கயிறு வேண்டியிருந்தது.

உலகின் மிக உயர்ந்த மரமான ‘ஹைப்பீரியன்’ 2006 ஆகஸ்டில் கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் இருவரால் கண்டறியப்பட்டது. டெய்லருக்கு உயரம் என்றால் அச்சம். தரையிலிருந்தே மரங்களை அளந்து கண்டவர் அவர். உச்சியிலிருந்து நாடாவை இறக்கி 115.55 மீட்டர் என உறுதிசெய்தவர் சில்லெட்.

அதன் இருப்பிடத்தைப் பூங்கா நிர்வாகம் வெளியிடவில்லை. ஆயினும் செய்தி கசிந்து, பாதையில்லாத காட்டுக்குள் மக்கள் தேடிச் சென்றனர். 2022-இல் நிர்வாகம் அப்பகுதியை மூடி, மீறுவோர்க்கு ஆறு மாதச் சிறையும் ஐயாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்படலாம் என அறிவித்தது. கயிற்றில் ஏறியவர்களால் வந்த சேதமன்று அது. மரத்தடியின் பெரணிகளை மிதித்து அழித்தவர்கள், தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வந்தவர்கள்.