கடன் வாங்கிய சிகிச்சை: வீடியோ கேம் மீட்பின் நாற்பதாண்டுகளும் காங்கேயமும்

வீடியோ கேமை விட முடியாமல் தவிப்பவர்களுக்கென்று தனியாக ஓர் உளச்சிகிச்சை பிறந்துவிடவில்லை. வேறு நோய்களுக்கு வைத்திருந்த முறைகளைத்தான் காலத்துக்குக் காலம் எடுத்துக் கையாண்டார்கள். எந்த நோயிடம் கடன் வாங்கினார்களோ, அதற்குத் தக்கபடி நோயாளியிடம் எதிர்பார்த்ததும் மாறியது. அந்த மாற்றம் திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம் போன்ற ஊருக்கு எந்த உருவில் வந்து சேர்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

தொடக்கம், காசு போட்டு ஆடும் அமெரிக்க ஆர்கேடுகளில். தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஆடிய பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவன் ஒருவனைப் பற்றி 1987இல் குஸ்மியர்சிக்கும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். ஓயாமல் கை கழுவுவோருக்குக் கொடுக்கும் சிகிச்சையே அவனுக்கும் தரப்பட்டது. முதலில் உடலைத் தளர்த்தப் பழக்கினார்கள். பிறகு ஆட்டப் பெட்டிக்கு எதிரே இருக்கவைத்து, ஆடாமல் தடுத்தார்கள். ஆசை ஏறித் தானாக இறங்கும்வரை பொறுக்க வேண்டும். ஓராண்டு கழித்தும் அவன் ஆட்டம் பெருமளவு குறைந்தே இருந்தது.

1990இல் கீப்பர்ஸ் எழுதிய பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கதை வேறு. கேமுக்காகத் திருடினான், பள்ளிக்கு மட்டம் போட்டான். துருவிப் பார்த்தால், வீட்டில் தகப்பன் தாயை அடித்துக்கொண்டிருந்தார். ஆகவே சிகிச்சையில் குடும்பத்தையும் உட்காரவைத்தார்கள். பெட்டியைப் பார்ப்பதா, வீட்டைப் பார்ப்பதா என்று இந்தத் துறை இன்றுவரை போடும் சண்டை, அந்த இரண்டு சிறிய கட்டுரைகளிலேயே முளைவிட்டாயிற்று.

1996இல் கிம்பர்லி யங், சூதாட்டத்துக்கு வைத்திருந்த அளவுகோலை இணையத்துக்குப் பொருத்தினார். அங்கே ஒரு சிக்கல். குடியை அடியோடு விடச் சொல்லலாம். இணையத்தை விடச் சொல்ல முடியாது. எனவே அறவே நிறுத்துவதற்குப் பதில் அளவோடு பயன்படுத்துவதே இலக்காயிற்று. 2001இல் ரிச்சர்ட் டேவிஸ் கவனத்தை எண்ணங்களின் பக்கம் திருப்பினார்: ‘வெளியே நான் ஒன்றுமில்லை, உள்ளேதான் எனக்கு மதிப்பு’ என்ற நினைப்பைத் தொடாமல் மணிக்கணக்கை மட்டும் குறைத்துப் பயனில்லை. சீனாவில் இதே காலத்தில் படைமுகாம் பாணி மையங்களும் மின்னதிர்ச்சியும் வந்தன. மின்னதிர்ச்சியை அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே 2009இல் தடை செய்ய வேண்டியதாயிற்று.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதை மேலும் ஆராய வேண்டிய நிலை என்று மட்டும் குறித்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ முழு நோயாக இடம்பிடித்தது. கட்டுப்பாடு போவது, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிக்க வேண்டும். சாதாரண விளையாட்டுப் பையனுக்கும் முத்திரை விழுந்துவிடும் என்று 2017இலேயே ஆய்வாளர் பலர் கூடி எதிர்த்து எழுதியிருந்தார்கள். அந்த அச்சம் அப்படியொன்றும் வெற்று அச்சமில்லை.

இந்தியாவில் நிலைமை தலைகீழ், கைபேசி ஆட்டம் பரவும் முன்பே சிகிச்சை முந்திக்கொண்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் மனோஜ் குமார் சர்மா முன்னின்று, தொழில்நுட்பப் பழக்கத்துக்கான ‘ஷட்’ கிளினிக்கைத் தொடங்கியது 2014இல். ஜியோவின் மலிவு டேட்டா வந்தது 2016 செப்டம்பரில், பப்ஜி கைபேசிக்கு வந்தது 2018இல். 2020 செப்டம்பரில் பப்ஜியும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடைபட்டன. பிள்ளைகள் ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ பக்கம் போய்விட்டார்கள்.

தமிழ்நாடு பிடித்த வழி சட்டம். நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரையை அடுத்து 2022இல் பேரவை நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற சட்டம் ஆன்லைன் ரம்மியைக் குறிவைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடுவதையெல்லாம் தடுத்து, இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவித்தது. சட்டம் தேடுவது போன பணத்தை. சிகிச்சை தேடுவது போன கட்டுப்பாட்டை. நோய்ப் பட்டியலிலும் சூதாட்டம் வேறு, கேமிங் வேறு. தகப்பனின் ரம்மியையும் மகனின் ஃப்ரீ ஃபயரையும் ‘ஆன்லைன் கேம்’ என்று ஒரே பையில் போட்டுப் பேசுவதால் மகனின் தொல்லை யார் கண்ணிலும் படுவதில்லை.

காங்கேயத்தின் பிழைப்பு அரிசி ஆலையிலும் கொப்பரைக் களத்திலும் ஓடுகிறது. இன்னொரு பங்கு பனியன் கம்பெனி வேனேறித் திருப்பூர் போகிறது. ஆர்டர் நெருக்கடியில் ஒன்றரை ஷிஃப்ட் என்றால், வீடு திரும்ப இரவாகிவிடும். அதுவரை பையனுக்குத் துணை கைபேசி. ஃப்ரீ ஃபயரில் ஒரு மேட்ச் பத்து நிமிடம், ஐம்பது பேர். நடுவில் நிறுத்திவைக்க முடியாது. எழுந்து போனால் ஸ்குவாடு தோற்கும், ரேங்க் இறங்கும். “இந்த ஒரு மேட்ச் முடிஞ்சரட்டும்மா” என்பது சாக்குப்போக்கு மட்டுமல்ல, விளையாட்டே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கடிகாரத்தைக் காட்டிக் கைபேசியைப் பிடுங்குவதைவிட, இத்தனை மேட்ச் என்று முன்கூட்டியே பேசிவைப்பது நடக்கக்கூடிய காரியம். சிகிச்சையிலும் முதல் வேலை நோட்டில் எழுதுவதுதான்: எப்போது ஆடினாய், யாரோடு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்கான பதிலில் பரீட்சை மார்க்கோ வீட்டுச் சண்டையோ வெறும் தனிமையோ தலைகாட்டக்கூடும்.

இத்தகைய சிகிச்சைக்கு இதுவரை கிடைத்த வலுவான சான்றுகளில் ஒன்று வொல்ஃப்லிங் குழு 2019இல் வெளியிட்டது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 143 ஆண்களிடம் நடந்த, இணைய, கேம் அடிமைத்தனத்துக்கான உளச்சிகிச்சைச் சோதனை. சிகிச்சை பெற்றவர்களில் 69 சதவீதம் பேர் மீண்டார்கள், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 24 சதவீதம். ஒப்பீடு சும்மா காத்திருந்தவர்களோடு என்பதால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். பெண்கள் எவரும் அதில் இல்லை. அந்தச் சிகிச்சையில் வாரம் ஒன்றாகப் பதினைந்து குழு அமர்வுகள், போதாதற்கு எட்டு வரை தனி அமர்வுகள். இத்தனை அமர்வுகளுக்காக மகனோடு வாராவாரம் பெங்களூரு போய்வரும் காங்கேயத்துத் தாய்க்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கூலி போகும். ஆனால் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திருப்பூருக்கே வந்தது. அதே ஆண்டில் 14416 தொலைபேசி மனநல சேவையும் வந்தது. ஜெர்மன் பாடத்திட்டத்தைத் தமிழில் பெயர்ப்பதைவிட, அதை எத்தனை அமர்வுக்குச் சுருக்கலாம், எவ்வளவைத் தொலைபேசியில் நடத்தலாம், ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு எப்படி நகர்த்தலாம் என்று சோதித்துப் பார்க்கும் ஆய்வே இந்த வட்டாரத்துக்கு இப்போது வேண்டியது.