ஒருவர்

நூலகத்தில் புத்தகம் வழங்கும் மேசையின் முன் வந்து நிற்கும் வாசகரை ஆணென்றோ பெண்ணென்றோ தோற்றத்தைக் கொண்டே நிச்சயித்து, ‘அவன் கேட்கிறான்’, ‘அவளிடம் கொடு’ என்று சிப்பந்திகள் பேசிக்கொள்வது, அவ்வாசகர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருக்குமிடத்து எத்துணை வேதனை தரும் என்று எண்ணும்போதெல்லாம், ‘ஒருவர்’ என்ற சொல்லின் அருமை எனக்கு விளங்குகிறது.

ஒருவன், ஒருத்தி என்பவை பால் காட்டும், ஒருவர் காட்டாது. ‘அர்’ என்னும் பலர்பால் விகுதியை ஏற்றும் ஒருமையையே உணர்த்தும் இச்சொல் ஆண், பெண் என்னும் இருபாலுக்கும் பொதுவென்றும், ஒரு நபரையே குறிப்பினும் பன்மை வினையையே கொள்ளுமென்றும் தொல்காப்பியர் பெயரியலில் விதித்திருக்கிறார். ஆகவே, ‘தே’ (they) என்னும் பன்மைப் பெயரைத் தனி மனிதருக்கு வழங்கலாமா என்று ஆங்கிலத்தில் நிகழும் விவாதம் தமிழறிந்தார்க்கு விநோதமாகத் தோன்ற வேண்டியதில்லை. அம்மொழியிலும் 14ஆம் நூற்றாண்டு முதலே அவ்வழக்கு உண்டு. இருபாலுக்கும் பொதுவாய் நின்ற சொல்லை அவ்விரண்டிலும் அடங்காதார்க்கும் உரியதாக்குவது நம் காலத்து விரிவு. நியாயமான விரிவு என்பதே என் அபிப்பிராயம்.

‘அவர்’ என்பதும் இவ்வினமே. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டுதலையொட்டித் திருநர் உள்ளிட்ட பால்புதுமையரை மரியாதையுடன் குறிக்கத் தமிழக அரசு 2022இல் வெளியிட்ட சொற்களஞ்சியத்தோடு, இவ்விரு பழஞ்சொற்களின் பிரயோகத்தையும் நூலகச் சிப்பந்திகளுக்குக் கற்பிக்கலாம். ‘அவள்’ என்று அழைக்கப்படுவதையே விரும்பும் திருநங்கையரும் உளர். அவ்விருப்பத்தை அவர் வாய்மொழியாக அறியும்வரை ‘அவர்’ போதும்.